ராட்சத உயிர்களின் தீவில் ஏழு பேர்: என் கிராஃபிக் நாவலில் மிருகம் ஏன் சிறியதாகத் தெரிகிறது?

பதிவு 1 — குளச்சல் தூரிகை

அனைவருக்கும் வணக்கம். கடந்த இரண்டு ஆண்டுகளாக ஒரு கிராஃபிக் நாவல் வரைந்துகொண்டிருக்கிறேன். 1920களில், இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் ஆழம் அளக்கப் போன ஒரு சிறிய கப்பல் பாறையில் மோதி உடைகிறது. அளவையாளர், மருத்துவர், தாவரவியல் அறிஞர், இரண்டு மாலுமிகள், சமையல்காரர், குளச்சலைச் சேர்ந்த ஒரு துடுப்புக்காரர் என ஏழு பேர் வரைபடத்தில் இல்லாத ஒரு தீவில் கரையேறுகிறார்கள். அந்தத் தீவில் நண்டும் உடும்பும் கடற்பறவையும் நம்ப முடியாத அளவுக்குப் பெருத்துக் கிடக்கின்றன. மொத்தம் 160 பக்கங்கள். இதுவரை 48 பக்கங்களுக்கு மை போட்டுவிட்டேன்.

அந்த 48 பக்கங்களையும் ஒரு பதிப்பாளரிடம் காட்டினேன். கதை பிடித்திருப்பதாகவும், ஆனால் மிருகங்கள் எல்லாம் பொம்மைபோல இருப்பதாகவும் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். அன்று இரவு முழுவதும் மனம் கனத்துக் கிடந்தது. மறுநாள் காலையில் எடுத்துப் பார்த்தபோது அவர் சொன்னது உண்மை என்றே தோன்றியது. 30, 31ஆம் பக்கங்களைச் சேர்த்து ஒரே படமாக வரைந்திருக்கிறேன். 70 அடி நீளமுள்ள உடும்பு இரண்டு பக்கங்களையும் அடைத்துக்கொண்டு நிற்கிறது, மூலையில் மனிதர்கள் நகக்கண் அளவில் ஓடுகிறார்கள். இருந்தும் அது சுவர்ப்பல்லியைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்ததுபோலத்தான் இருக்கிறது. தாளில் இதைவிடப் பெரிதாக வரைய இடம் இல்லை. தவறு எங்கே இருக்கிறது என்பதைத் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

பதிவு 2 — வடசேரி வாசகன்

தம்பி, நான் வரைபவன் அல்லன். 1972இல் முத்து காமிக்ஸ் வரத் தொடங்கிய நாள் முதல் படிப்பவன் என்ற உரிமையில் சொல்கிறேன். 1960 முதல் தினத்தந்தியில் வந்த கன்னித்தீவை நினைத்துப் பாருங்கள். மந்திரவாதி சிறு உருவமாக்கிவிட்ட லைலாவைச் சிந்துபாத் தூக்கிக்கொண்டு அலைகிறான். நாளுக்கு இரண்டு மூன்று கட்டங்கள்தான், மலிவான செய்தித்தாள், மை பரவிய அச்சு. ஆனாலும் லைலா சிறியவள் என்பதில் எந்த வாசகனுக்கும் ஐயம் வந்ததில்லை. காரணம், அவளை அளப்பதற்கு நம் எல்லோருக்கும் தெரிந்த ஒரு மனிதக் கை பக்கத்திலேயே இருந்தது. உங்கள் உடும்பின் அருகில் நமக்குத் தெரிந்த பொருள் எது? மூலையில் ஓடும் மனிதர்கள் தொலைவில் இருப்பதால் சிறிதாகத் தெரிகிறார்களா, உண்மையிலேயே உடும்பின் நகத்தளவுதானா என்பது படத்தைப் பார்க்கிறவனுக்கு எப்படித் தெரியும்?

பதிவு 3 — மார்த்தாண்டம் டீச்சர்

விலங்கியல் கற்பிக்கிறவள் என்ற முறையில் எனக்கு வேறொரு காரணம் தோன்றுகிறது. நீங்கள் ஒரு சாதாரண உடும்பை அப்படியே பெருக்கி வரைந்திருக்கிறீர்கள். இயற்கை அப்படிப் பெருக்குவதில்லை.

மூன்றரை அடி நீளமும் நான்கு கிலோ எடையும் உள்ள உடும்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். நீளத்தை 20 மடங்காக்கினால் உங்களுடைய 70 அடி வந்துவிடும். ஆனால் எடை நீளத்தோடு சேர்ந்து 20 மடங்கு ஏறுவதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றும் பெருகுவதால் 8,000 மடங்கு ஏறும். அதாவது 32 டன். அந்த எடையைத் தாங்க வேண்டிய எலும்பின் குறுக்குப் பரப்போ 400 மடங்குதான் கூடும். எனவே ஒவ்வோர் எலும்பும் முன்பைவிட 20 மடங்கு பாரத்தைச் சுமக்க வேண்டும். கலிலியோ 1638இல் வெளியிட்ட நூலிலேயே இதை விளக்கிவிட்டார்: பெரிய விலங்கின் எலும்பு சிறிய விலங்கின் எலும்பைவிட நீளமாக மட்டும் இருந்தால் போதாது, விகிதத்துக்கு மீறித் தடித்திருக்க வேண்டும். யானையின் கால்கள் தூண்போல நேராகக் கீழே இறங்குவது இதனால்தான். உங்கள் உடும்பின் கால்களோ பக்கவாட்டில் விரிந்து முழங்கால் மடங்கி நிற்கின்றன. நம் கண் எடையைக் கால்களில்தான் தேடுகிறது. அந்தக் கால்களைப் பார்த்தவுடன், இது இலகுவான உடல் என்று மனம் முடிவு செய்துவிடுகிறது.

நண்டுக்கும் இதே நிலைதான். அந்தமான் நிக்கோபார் தீவுகளில் காணப்படும் தேங்காய் நண்டு, நிலத்தில் வாழும் கணுக்காலிகளிலேயே மிகப் பெரியது. நான்கு கிலோ வரை வளரும், கால்களை விரித்தால் ஏறத்தாழ ஒரு மீட்டர் வரும், தென்னையில் ஏறும். நண்டு வளர வேண்டுமானால் ஓட்டைக் கழற்றியாக வேண்டும். ஓடு கழற்றிய வேளையில் உடல் மெத்தென்று இருக்கும். தண்ணீருக்கு வெளியே ராட்சத நண்டு ஒன்று ஓடு கழற்றினால் தன் எடையாலேயே அமுங்கிப் போகும். அப்படி ஒரு காட்சியை வரைந்து பாருங்கள். பாவம், அந்த நண்டின் மீது நமக்கு இரக்கமே வந்துவிடும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தீவுகளில் சிறியவை பெருப்பதும் பெரியவை குறுகுவதும் உண்மையில் நடந்திருக்கின்றன. இந்தோனேசியாவின் ஃப்ளோரஸ் தீவில் குட்டை யானை இனங்கள் வாழ்ந்திருக்கின்றன. அதே தீவில் ராட்சத எலியும் உண்டு. அங்கே 2003இல் கண்டெடுக்கப்பட்ட ஆதி மனித இனம் மூன்றரை அடி உயரம்தான். மூன்று மீட்டர் வரை வளரும் கொமோடோ உடும்பு 1912இல்தான் முறையாக விவரிக்கப்பட்டது. ஆகவே உங்கள் கதையின் தாவரவியல் அறிஞர் அதைப் பற்றிப் படித்திருக்க வாய்ப்பு உண்டு. உங்கள் தீவில் மனிதரின் இடுப்பளவே உயரமுள்ள யானைகளையும் நடமாட விடுங்கள். யானை என்றால் இவ்வளவு பெரிது என்று வாசகர் மனத்தில் ஓர் அளவு இருக்கிறது. முதலில் யானைக்கூட்டத்தையும் நண்டையும் தொலைவிலிருந்து காட்டினால் அவர் நண்டை மலையளவாக நினைப்பார்; அடுத்த பக்கத்தில் ஒரு மனிதர் யானைக்குப் பக்கத்தில் போய் நிற்கும்போது அந்தக் கணக்கு குலையும். அதன்பிறகு தீவில் எதன் அளவையும் நம்ப முடியாமல் அவரும் கரையேறியவர்களைப் போலவே தடுமாறுவார்.

பதிவு 4 — வடசேரி வாசகன்

டீச்சர் சொன்ன யானை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் எலும்புக் கணக்கில் ஒரு கவலையும் இருக்கிறது. கணக்குப் பார்த்தால் ராட்சத மிருகம் என்பதே நிற்காதே. கணக்கை ஒப்புக்கொண்டால் கதையே வேண்டாம் என்றாகிவிடாதா? கோயில் தூணில் யாளியைச் செதுக்கியவர் எலும்பை அளந்தா செதுக்கினார்? சிங்கத்தின் உடலில் யானையின் துதிக்கையை ஒட்டவைத்த அந்தத் துணிச்சலைத் தம்பி இழந்துவிடக் கூடாது.

பதிவு 5 — மார்த்தாண்டம் டீச்சர்

இழக்க வேண்டியதில்லை, சார். யாளியின் கால்களை அடுத்த முறை கோயிலுக்குப் போகும்போது கூர்ந்து பாருங்கள். தொடை எவ்வளவு தடித்திருக்கிறது, நகங்கள் எப்படிக் கல்லைப் பற்றியிருக்கின்றன என்பது தெரியும். அந்தச் சிற்பி எடையை உணர்ந்துதான் செதுக்கியிருக்கிறார். உடும்பு 70 அடி இருக்கட்டும். அதன் வயிறு மணலில் அழுந்திக் கிடக்கட்டும், பாதி உடலைக் கடல்நீர் தாங்கட்டும். நீலத்திமிங்கிலம் 30 மீட்டர் வரை வளர முடிவது தண்ணீர் அதன் எடையைச் சுமப்பதால்தான். நடக்க முடியாமல் நடக்கும் மிருகத்தைப் பார்த்தால் பயம் குறையாது, கூடும்.

பதிவு 6 — வில்லுக்குறி பேனர் ஓவியர்

நான் 22 ஆண்டுகள் சினிமா பேனரும் கட்டவுட்டும் வரைந்தவன். பிளெக்ஸ் வந்த பிறகு வீட்டுச் சுவர்களுக்கு வண்ணம் பூசுகிறேன். பெரிதாக வரைவது பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

சின்னப் புகைப்படத்தில் கட்டம் போட்டு, அதே கட்டத்தை 30 அடித் தட்டியில் பெரிதாகப் போட்டு, ஒவ்வொரு கட்டமாக நிரப்புவோம். சாரத்தின்மேல் நின்று நாயகனின் கண்ணை வரையும்போது என் முன்னால் கண் இருக்காது. வெள்ளைப் பரப்பு ஒன்றும் அதன் ஓரத்தில் சிவப்புக் கோடுகளும்தான் இருக்கும். இமை மயிர் ஒவ்வொன்றும் என் முழங்கை நீளம். நான் எந்த முகத்தை வரைகிறேன் என்பது கீழே இறங்கிச் சாலையைக் கடந்து எதிர்ப்புறம் போய் நின்றால்தான் தெரியும். தம்பி, உங்கள் 31ஆம் பக்கத்தை நீங்கள் சாலைக்கு எதிர்ப்புறம் நின்று வரைந்திருக்கிறீர்கள். உங்கள் ஆட்களோ சாரத்தின்மேல் நிற்கிறார்கள். அவர்களுக்கு உடும்பு தெரியாது. ஒரு செதிலும், செதிலுக்கும் செதிலுக்கும் இடையில் வளர்ந்திருக்கும் புல்லும், அந்தப் புல்லில் ஊரும் எறும்பும்தான் தெரியும்.

சின்னப் படத்தை அப்படியே பெருக்கினால் அது பெரிய படமாகுமே தவிர, பெரிய பொருளாகத் தெரியாது. பெரிய பொருளில் சின்னச் சின்ன விவரங்கள் நிறைய இருக்க வேண்டும். சுவர்ப்பல்லியின் மேல் கொசு உட்காரலாம். 70 அடி உடும்பின் மேல் கொக்குக் கூட்டமே உட்கார வேண்டும்.

அடிவானக் கோட்டையும் கவனியுங்கள். கடற்கரையில் நிற்கும் ஒருவரின் கண்மட்டத்தில்தான் அடிவானம் இருக்கும். அவரையொத்த உயரமுள்ளவர்கள் எவ்வளவு தொலைவில் நின்றாலும் அந்தக் கோடு அவர்களின் கண்ணை ஒட்டியே போகும். படத்தில் அந்தக் கோடு மனிதர்களின் கண்ணில் பட்டு, மிருகத்தின் கணுக்காலில் பட்டால், வேறு எந்த விளக்கமும் வேண்டாம். நீங்கள் பறவை பார்ப்பதுபோல மேலிருந்து வரைந்துவிட்டதால் கோடே படத்தில் இல்லை. வடசேரி சார் கேட்ட ஐயம் அங்கேதான் பிறக்கிறது.

ஒரு நாள் காலையில் மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குக் கீழே போய் உட்கார்ந்து வரைந்து பாருங்கள். 115 அடி உயரம். மேலே நடந்து போகிறவர்களைப் பார்க்காதீர்கள். பரளியாற்றின் ஓரத்தில் ஒரு தூணின் அடியில் உட்கார்ந்து, தலையை உயர்த்தாமல் கண்ணுக்கு எட்டுவதை மட்டும் வரையுங்கள்.

பதிவு 7 — குளச்சல் தூரிகை

ஓவியர் அண்ணாச்சிக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. இன்று காலையிலேயே மாத்தூருக்குப் போய்விட்டு வந்தேன். மூன்று மணி நேரத்தில் நான் வரைந்தது ஒரு தூணின் கீழ் ஆறடி மட்டும்தான்: பாசி படிந்த ஒரு திட்டு, மழைநீர் வழிந்த கறுப்புத் தடம், விரிசலில் முளைத்த ஓர் அரசங்கன்று. அந்தத் தாளை என் தங்கையிடம் காட்டினேன். எதைப் பார்த்து வரைந்தேன் என்று சொல்லவே இல்லை, “இது எவ்வளவு பெரிசு அண்ணா, மேலே போய்க்கிட்டே இருக்குதே?” என்று அவள் கேட்டாள். இரண்டு ஆண்டுகளில் என் படத்தைப் பார்த்து யாரும் அப்படிக் கேட்டதில்லை.

பதிவு 8 — கீரிப்பாறை

நான் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போகிறவன். ஒன்று மட்டும் சொல்கிறேன். ராட்சத மிருகம் வரும்போது பூமி அதிர்வதாக வரையாதீர்கள். யானை நடந்தால் சத்தமே வராது. அதன் உள்ளங்கால் மெத்தைபோல விரிந்து சருகை அமுக்கிவிடும். ஒருநாள் விடிவதற்கு முன், தலையில் கட்டிய விளக்கின் வெளிச்சத்தில் ஒரு மரத்தை வெட்டிவிட்டு அடுத்ததற்குத் திரும்பினேன். வெளிச்சத்தில் பட்டை சுருங்கிய ஓர் அடிமரம் தெரிந்தது. அந்த வரிசையில் அவ்வளவு பருத்த மரம் கிடையாதே என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே அது ஓர் அடி முன்னால் வந்தது. முழு யானையை நான் பார்க்கவே இல்லை. கத்தியையும் வாளியையும் போட்டுவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

பதிவு 9 — ஆழிக்காரன் தூத்தூர்

மக்களே, எனக்கு 61 வயது. 40 ஆண்டுகள் ஆழ்கடலில் தூண்டில் போட்டவன். எங்கள் பகுதிப் படகுகள் சுறாவைத் தேடி லட்சத்தீவுக்கு அப்பாலும் போகும். சில படகுகள் தெரியாமல் இந்தியப் பெருங்கடலின் நடுவில் இருக்கும் டியேகோ கார்சியா தீவு வரைக்கும் போய்ப் பிடிபட்டதும் உண்டு. உங்கள் ஏழு பேரில் குளச்சல் துடுப்புக்காரர் ஒருவர் இருக்கிறார் என்று படித்தவுடன், அவர் கதையில் என்ன செய்கிறார் என்று தேடினேன். நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. அவரிடம்தான் உங்கள் கதையின் சாவி இருக்கிறது என்பது என் எண்ணம்.

கடலில் பெரிய உயிரைக் காண்பது எப்படி என்று முதலில் சொல்கிறேன். அம்மணி உழுவை, அதாவது திமிங்கிலச் சுறா, வந்தால் முதலில் தண்ணீரின் நிறம்தான் மாறும். வள்ளத்துக்கு அடியில் மேகநிழல் விழுந்ததுபோல இருக்கும், அண்ணாந்து பார்த்தால் மேகம் இருக்காது. பிறகு வெள்ளைப் புள்ளிகள் தெரியும்; வரிசை வரிசையாகக் கோலம் போட்டதுபோலப் போய்க்கொண்டே இருக்கும். அதைத்தான் கண் எண்ணிக்கொண்டிருக்கும். வால் கடந்து போன பிறகுதான், அது நம் வள்ளத்தைவிட நீளம் என்பது புத்தியில் உறைத்துக் கை நடுங்கும். 40 அடி உயிரும் ஒருவருக்கும் தீங்கு செய்யாது. இப்போது அதைப் பிடிப்பதும் சட்டப்படி குற்றம். பயம் எப்போதும் பிறகுதான் வரும். உங்கள் ஆட்கள் உடும்பைக் கண்டவுடன் ஓடுவதாக வரைந்திருக்கிறீர்கள். உண்மையில் அப்படி நடக்காது. முதலில் நிற்பார்கள். நெடுநேரம் நிற்பார்கள்.

இனி அந்தத் துடுப்புக்காரரின் வேலைக்கு வருகிறேன். கருவிகள் வருவதற்கு முன்னால் எங்கள் அப்பன்மார் கடலில் ஒரு பாரைத் திரும்பவும் கண்டுபிடிப்பதற்குக் கணிச்சம் வைப்பார்கள். பார் என்றால் கடலுக்கு அடியில் மீன் கூடும் பாறைத்திட்டு. கரையில் இரண்டு பொருள்களை ஒரே நேர்கோட்டில் பிடிக்க வேண்டும்: அருகில் ஒரு தேவாலயக் கோபுரம், அதற்கு நேர்பின்னால் ஒரு மலைமுடி. பிறகு வேறொரு திசையில் இன்னும் இரண்டு பொருள்களை நேராக்க வேண்டும். இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடத்தில்தான் பார் இருக்கும். பத்து ஆண்டுகள் கழித்துப் போனாலும் அதே இடத்தில் தூண்டிலை இறக்கலாம். கோபுரமும் மலையும் நகராது என்ற நம்பிக்கையின்மேல்தான் எங்கள் பிழைப்பே நடந்தது.

உங்கள் கப்பல் உடைந்தது தீவுக்கு அருகில்தானே? ஆயுதப்பெட்டியோ மருந்துப்பெட்டியோ அங்கே மூழ்கிக் கிடக்கும்தானே? துடுப்புக்காரர் ஒரு தெப்பம் கட்டிப் போய், அந்த இடத்துக்குக் கணிச்சம் வைக்கட்டும். கரையோரத்தில் ஒரு பாறைமேடு, அதற்குப் பின்னால் தீவின் மலைமுடி. மறுநாள் மூச்சடக்கி முங்குவதற்காகப் போகிறார். அதே இடத்துக்கு வருகிறார். பாறைமேடும் முடியும் நேராக நிற்கவில்லை. தன் கணக்குத் தவறிவிட்டதோ என்று மற்றக் கோட்டைப் பார்க்கிறார். அது சரியாக இருக்கிறது. நாற்பது ஆண்டுகளில் தவறாத கண். அப்படியென்றால் நகர்ந்தது எது?

பதிவு 10 — குளச்சல் தூரிகை

அண்ணாச்சி, இதைப் படித்துவிட்டு எழுந்து வீட்டு முற்றத்தில் நடந்துகொண்டே இருந்தேன். நான் குளச்சலில் பிறந்தவன். என் தாத்தா கரமடி வலை இழுத்தவர். கணிச்சம் என்ற சொல்லை அவர் வாயிலிருந்தே கேட்டிருக்கிறேன், ஆனால் அது என் கதைக்கு வேண்டியது என்று எனக்குத் தோன்றவே இல்லை. துடுப்புக்காரரை நான் நான்காம் பக்கத்தில் அறிமுகப்படுத்திவிட்டுப் பெட்டி சுமப்பதற்கு மட்டும் வைத்திருந்தேன். அளவையாளர் கையில் கருவி இருக்கிறது, அதனால் தீவைக் கண்டுபிடிக்கும் தகுதி அவருக்குத்தான் என்று என்னை அறியாமலேயே நினைத்திருக்கிறேன். அது வெறும் கதைப்பிழை மட்டும் அன்று என்பதை இப்போது உணர்கிறேன்.

பதிவு 11 — மார்த்தாண்டம் டீச்சர்

அண்ணாச்சி சொன்ன பாறைமேடு விலங்கியலுக்கும் பொருந்திவருகிறது என்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஊர்வன வெப்பத்தை வெளியிலிருந்து பெறுவதால், அதே எடையுள்ள பாலூட்டிக்கு வேண்டிய உணவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே அவற்றுக்குப் போதும். ஒரு பெரிய இரையை விழுங்கிய மலைப்பாம்பு வாரக்கணக்கில் அசையாமல் கிடக்கிறதே, அதைப்போல உங்கள் உடும்பும் கிடக்கலாம். முதுகில் பறவை எச்சம் படிந்து, அதில் புல் முளைத்து, பார்ப்பவர்களுக்கு அது மேடாகவே தோன்றும். ஒரு சிறிய தீவு இப்படிப்பட்ட உயிர் ஒன்றிரண்டுக்குமேல் தாங்காது. எனவே கூட்டம் கூட்டமாக மிருகங்களை வரைய வேண்டாம். ஒன்று போதும்.

பதிவு 12 — வடசேரி வாசகன்

சிந்துபாத்தின் பழைய அரபுக் கதையில் தீவென்று நினைத்து இறங்கித் தீ மூட்டியதும் அது ஒரு பெரிய மீன் என்று தெரியவரும். யாராவது ஒருவர் அதை நினைவுபடுத்தி, பழைய உத்தி என்று குறை சொல்லக்கூடும். தம்பி அதைப் பொருட்படுத்த வேண்டாம். அங்கே மீனே துள்ளித் தன்னைக் காட்டிக்கொடுக்கிறது. இங்கே ஒரு கடலோடியின் கண் கண்டுபிடிக்கிறது. நம் பழைய இலக்கியத்திலும் திமி என்ற பெருமீனை விழுங்குவது திமிங்கிலம், அதையும் விழுங்குவது திமிங்கிலகிலம் என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். ஒன்றை விழுங்குவதைக் காட்டித்தான் மற்றொன்றின் பெருமையைச் சொன்னார்கள்.

பதிவு 13 — தோவாளை நிழல்

இந்தத் தீவைக் குமரிக்கண்டத்தின் மிச்சமாக வைத்தால் நம் குமரி மாவட்டத்து வாசகர்கள் இன்னும் நெருக்கமாக உணர்வார்கள் அல்லவா? என் சிறு யோசனை.

இன்னொன்று: சிறுவயதில் எங்கள் ஊருக்குத் தோல்பாவைக்கூத்து வரும். திரைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பாவையைத் துணியோடு ஒட்டிப் பிடித்தால் அதன் விளிம்பு கூர்மையாகத் தெரியும். விளக்கை நோக்கி இழுத்தால் நிழல் பெருத்துக்கொண்டே போகும், கூடவே விளிம்பும் கலங்கும். பெருப்பதும் தெளிவிழப்பதும் சேர்ந்தே நடக்கும். மனிதர்களைக் கூரிய கோட்டிலும் மிருகத்தை விளிம்பே இல்லாத மைப்பரப்பிலும் வரைந்து பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

பதிவு 14 — குளச்சல் தூரிகை

நிழல் பற்றிய யோசனையை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். குமரிக்கண்டம் வேண்டாம் என்று நினைக்கிறேன். பாண்டியரும் புலவர்களும் வாழ்ந்ததாக நம் மக்கள் மனத்தில் இருக்கும் நிலம் அது. அதில் கரையேறியவுடன் வாசகர் கல்வெட்டையும் சங்கத்தையும் தேடத் தொடங்கிவிடுவார். 1864இல் ஸ்க்லேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் லெமூர் விலங்குகளின் பரவலை விளக்குவதற்காக முன்வைத்த லெமூரியாவும் அதனோடு வந்து ஒட்டிக்கொள்ளும். என் தீவில் மனிதர் இதற்குமுன் கால் வைத்ததே இல்லை. அங்கே எதற்கும் பெயர் இல்லாததுதான் ஏழு பேரையும் கலங்க வைக்கிறது.

பதிவு 15 — எழுத்துச்செதுக்கி

தமிழ்க் காமிக்ஸ்களுக்குப் பேச்சுக் குமிழி எழுதித் தருகிறவள் நான். ஒலியெழுத்தைப் பற்றி யாரும் பேசவில்லை என்பதால் வருகிறேன். தூரிகை தம்பி அனுப்பிய மாதிரிப் பக்கத்தில் உடும்பின் காலடிக்குப் பக்கத்தில் ‘டமார்’ என்று பெரிதாக எழுதியிருக்கிறார். கீரிப்பாறை நண்பர் சொன்னதைக் கேட்ட பிறகு அது போக வேண்டும்.

“இரட்டைக்கிளவி இரட்டின் பிரிந்திசையா” என்பது தொல்காப்பியம். மடமட, சலசல, கடகட எல்லாம் பிரித்தால் பொருள் தராது. இப்போது ஒரு சிறு கணக்கு. 60 அடித் தென்னையிலிருந்து தேங்காய் தரையைத் தொட ஏறத்தாழ 2 விநாடி ஆகும். நம் வள்ளுவர் சிலை பீடத்தோடு 133 அடி. அந்த உயரத்திலிருந்து ஒன்று விழுந்தால் ஏறத்தாழ 3 விநாடி. பெரிய உடலின் அசைவு நம் கண்ணுக்கு மெதுவாகத் தெரிவது இதனால்தான். உடும்பு புரளும்போது அதன் முதுகிலிருக்கும் கற்கள் சரிவதற்கு ஒரு கட்டத்தில் ‘மட’ என்று மட்டும் எழுதுங்கள். அடுத்த கட்டத்தில் ஒலியே வேண்டாம். ஆட்களின் முகம் மட்டும் இருக்கட்டும். மூன்றாம் கட்டத்தில் அடுத்த ‘மட’ வரட்டும். பிரிக்கக் கூடாததைப் பிரித்திருப்பதைப் படிப்பவரின் காது உடனே உணரும். தமிழில் இயல்பாகவே செய்யக்கூடிய ஒன்று இது.

இரண்டு பக்கங்களைச் சேர்த்து வரையும்போது நடுமடிப்பில் அரை அங்குலமாவது தையல் விழுங்கிவிடும். இப்போதைய படத்தில் உடும்பின் கண் சரியாக அங்கேதான் இருக்கிறது.

பதிவு 16 — ஆழிக்காரன் தூத்தூர்

மக்களே, ஒரு வேண்டுகோள். 1916இல் அன்டார்க்டிகா பக்கத்து யானைத்தீவில் 22 பேர், கவிழ்த்துப்போட்ட இரண்டு படகுகளைக் கூரையாக்கி நான்கரை மாதம் கிடந்ததைப் பற்றி ஒரு பாதிரியார் எனக்குச் சொல்லியிருக்கிறார். ஆறு பேர் ஒரு சிறிய படகில் 1,300 கிலோமீட்டர் போய் ஆள் கூட்டி வந்து, 22 பேரையும் உயிரோடு மீட்டார்கள். அந்தக் கதையைச் சொல்லும்போது எல்லோரும் தீவையும் படகையும்தான் சொல்கிறார்கள். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்தபோது நான் கரையில் இருந்தேன். லட்சத்தீவிலும் மகாராஷ்டிரத்திலும் எங்கள் பிள்ளைகள் ஒதுங்கியிருக்கிறார்கள் என்று ஒவ்வொரு செய்தியாக வந்துகொண்டிருந்தது. யாருடைய படகு, யாருடைய மகன் என்று தெரியாமல் ஊரே தேவாலய முற்றத்தில் உட்கார்ந்திருந்தது. பல வீடுகளுக்கு அந்தச் செய்தி வரவே இல்லை.

உங்கள் 160 பக்கங்களில் இரண்டு பக்கமாவது குளச்சல் கரைக்குக் கொடுங்கள். அந்தத் துடுப்புக்காரருக்கு வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று நான் அறிய வேண்டும்.

பதிவு 17 — குளச்சல் தூரிகை

கொடுக்கிறேன், அண்ணாச்சி. அவருக்கு ஒரு மனைவியும் எட்டு வயது மகளும் இருக்கிறார்கள். மகள் தினமும் மாலையில் கடற்கரைக்கு வந்து, அப்பா சொல்லிக்கொடுத்தபடி, கோபுரத்தையும் மலையையும் நேராக்கிப் பார்க்கிறாள். கரையில் அவை எந்த இடத்திலிருந்து நேராகத் தெரிகின்றனவோ அந்த இடத்திலேயே உட்கார்ந்துகொள்கிறாள். இரண்டு பக்கம் போதாது, நான்கு பக்கம் ஒதுக்கியிருக்கிறேன்.

30, 31ஆம் பக்கங்களைக் கிழித்துவிட்டு மூன்று வாரமாகத் திரும்ப வரைந்தேன். இப்போது அங்கே உடும்பே இல்லை. 30ஆம் பக்கத்தில் ஆறு சிறிய கட்டங்கள்: தெப்பத்தில் துடுப்புக்காரரின் முதுகு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அவர் நீட்டும் கட்டைவிரல், பாறைமேடு, அதன்மேல் கொக்குகள், பின்னால் முடி, திரும்பவும் கட்டைவிரல். முதல் நாளில் மூன்றும் ஒரே கோட்டில் இருந்ததை 22ஆம் பக்கத்தில் காட்டிவிட்டேன். 31ஆம் பக்கம் முழுவதும் ஒரே படம். அடிவானத்துக்கு எதிர்ப்புறம், கரையை நோக்கிய காட்சி. ஒரு கோரை அகலத்துக்கு மேடு முடியைவிட்டு இடப்பக்கம் விலகி நிற்கிறது. அதன் விளிம்பை மட்டும் கோடு போடாமல் மையைக் கரைத்து விட்டிருக்கிறேன். ஒலியெழுத்து இல்லை. கொக்குகள் அத்தனையும் மேட்டை விட்டு எழுந்து பறந்துகொண்டிருக்கின்றன.

அந்தப் பக்கத்தைத் தங்கையிடம் காட்டினேன். முதலில் ஒன்றுமில்லையே என்றாள். பிறகு தானாகவே 22ஆம் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தாள். புரட்டிய கை அப்படியே நின்றுவிட்டது.

பதிவு 18 — ஆழிக்காரன் தூத்தூர்

அந்த 22ஆம் பக்கத்தில் கட்டைவிரலை எந்தக் கையில் நீட்டியிருக்கிறார் என்று பாருங்கள், மக்களே. வலக்கையில் துடுப்பு இருக்கும். விரல் இடக்கையாகத்தான் இருக்க வேண்டும்.